பியாவின் எடை

ஐந்தாம் மாடியிலிருந்து தெருவரைக்கும்
கயிறு தொங்குகிறது.
நுனியில் ஒரு கிளிப், கிளிப்புக்கு மேலே ஒரு மணி.
கீழே கோழிக்கடை இத்ரீஸ்
பையைக் கிளிப்பில் கவ்வவைத்து
இரண்டு முறை இழுக்கிறான்.
நான் எழுவதற்குள் பூனை பால்கனியில்.

அரைக்கால் வீசை நெஞ்சுக்கறி.
தோல் கூடாது. எலும்பு கூடாது.
உப்பு கூடாது என்று டாக்டர் தீரி சொன்னபோது
சரி என்றேன்.
வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் என்றபோது
என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்.
முப்பத்தெட்டு வருஷமாக மகாபந்தூலா சாலையில்
தேக்சா தேக்சாவாகப் பிரியாணி இறக்கிய கைகள்.
சோப்புக்கும் போகாத பூண்டு
நகக்கண்ணில் குடியிருக்கிறது.

"வெறும் தண்ணீர், கனி மாஸ்டர்.
வெறும் தண்ணியில வேகவையுங்க.
சோறும் கருவாடும் போடுவீங்கல்ல, அதோட
தினம் ரெண்டு ஸ்பூன் பிசைஞ்சு வையுங்க."

வெறும் தண்ணீர்.
இப்படியொரு சமையலை
எந்த உஸ்தாதும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மின்சாரம் போயிருந்தது. கரியடுப்பு மூட்டினேன்.
கறி வெளுத்தது, நுரை கட்டியது,
நுரையை வழித்துக் கொட்டித் திரும்புவதற்குள்
வலக்கை தானாகப் போய்
மூன்று விரலால் உப்பள்ளிப் போட்டுவிட்டது.
நான் போடவில்லை. கை போட்டது.
முதல் நாள் கறியை நானே தின்றேன்.
பியா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பியா என்பது செல்லாத காசின் பெயர்.
நூறு சேர்ந்தால் ஒரு கியாட்.
கியாட்டையே இப்போது கட்டுக்கட்டாகத்தான் எண்ணுகிறோம்.
நாலாம் மாடி ஈ ப்யூ வைத்த பெயர் அது.
ஒரு ராத்திரி கதவைத் தட்டாமல் சுரண்டினாள்.
முதுகில் ஒரு பை, கையில் இது.
"பத்தே நாள், மாமா.
சோறும் கருவாடும் போதும். எதையும் தின்னும்."
இரண்டு மழைக்காலம் ஆயிற்று.
கருவாட்டு விலை ஏற ஏற
சோற்றில் கருவாடு வெறும் வாசமாயிற்று.
தடவிக்கொடுத்தபோது ஒருநாள்
விலா எலும்புகளை எண்ண முடிந்தது.

மறுநாள் உப்புச் சாடியைப்
பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தேன்.
வெந்ததை ஆறவைத்து நார்நாராகப் பிய்த்து
ஒரு நாரை வாயில் போட்டுப் பார்த்தேன், மாஸ்டர் புத்தி.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
ஆனால் மெல்ல மெல்ல
கோழி என்று ஒரு ருசி வந்தது,
லேசான இனிப்பாக.
இத்தனை நாள் அதை மறைத்துவைத்தவன் நான்தானா?
அன்று மத்தியானம் கடையில்
பழைய வாடிக்கை ஒருவர் முதல் வாயிலேயே தலைதூக்கி,
மாஸ்டர், உப்பு கொஞ்சம் கம்மி, என்றார்.

பூனை சோற்றை ஒதுக்கிவிட்டு
நாரை மட்டும் பொறுக்கித் தின்றது.
முதுகைக் காட்டிக்கொண்டு போய்
வாசற்படியில் உட்கார்ந்தது,
நாலாம் மாடிப் பக்கம் ஒரு காதைத் திருப்பி.
கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.
உப்பிட்டவரைத்தானே
உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து
கறி நிறுக்கும் தராசில் அதை உட்காரவைக்கிறேன்.
எதிர்த்தட்டில் இரும்புக் கற்கள்.
வாலை மடித்துத் தட்டுக்குள் வைத்தால்
உடனே எடுத்து வெளியே விடும்.
முதல் வாரம் ஒன்றரை வீசை, இழை குறைவு.
நாலாம் வாரம்
கற்களோடு கூடையிலிருந்து
ஒரு உருளைக்கிழங்கும் வைத்த பிறகுதான்
முள் நேரே நின்றது.

அதை அப்படியே ஈ ப்யூவுக்கு எழுதினேன்:
ஒரு உருளைக்கிழங்கு கூடியிருக்கிறது.
சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு டிக்.
அவள் இருக்குமிடத்தில்
டவர் எப்போதாவதுதான் கிடைக்குமாம்.

எவ்வளவு பெரிய உருளைக்கிழங்கு என்று கேட்டாலும் கேட்பாள்.
அதனால் குழம்பில் போடாமல்
ஜன்னலோரம் எடுத்துவைத்திருக்கிறேன்.
முளைவிட ஆரம்பித்துவிட்டது.
முளைத்தால் எடை கூடுமா, குறையுமா,
அது எனக்குத் தெரியாது.